1918-இல் 15,000 அடி உயரத்தில் பறந்த விமானி குளிருக்கு என்ன போட்டிருப்பார்? (படக்கதைக்காகக் கேட்கிறேன்)

#1 – சித்திரக்குள்ளன்

வணக்கம் மக்களே. இந்திரலால் ராய் பற்றி ஒரு படக்கதை வரைந்துகொண்டிருக்கிறேன். கல்கத்தாவில் பிறந்தவர். லண்டனில் படித்தவர். 1918 ஜூலையில் பிரான்சில் பிரிட்டிஷ் விமானப்படையின் 40-ஆம் ஸ்குவாட்ரனில் எஸ்.இ.5ஏ சண்டை விமானம் ஓட்டி, இரண்டு வாரத்துக்குள் பத்து ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கில் சேர்த்தார். அதே மாதம் 22-ஆம் தேதி சுடப்பட்டு விழுந்து இறந்தார். வயது 19.

விமானத்துக்கும் துப்பாக்கிக்கும் நல்ல மாதிரிப் படங்கள் கையில் இருக்கின்றன. உடையில்தான் சிக்கிக்கொண்டேன். "விமானி ஜாக்கெட்" என்று தேடினால் இடுப்பளவு தோல் ஜாக்கெட், முன்னால் ஜிப், இதுவேதான் திரும்பத் திரும்ப வருகிறது. 1918-க்கு இது பொருந்துமா? இன்னொன்று, ஜூலை அங்கே கோடைக்காலம். அவ்வளவு குளிருமா? சட்டையும் கழுத்துத் துணியுமாக வரைந்துவிட்டுப் போகலாமா?

#2 – ரேஸர்_குமார்

தோல்தான் ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். காற்று உள்ளே வராது. நான் பைக்கில் கொடைக்கானல் போகும்போது அதுதான் காப்பாற்றும். அந்தக் காலத்து ஆள்கள் விஷயம் தெரிந்துதான் போட்டிருக்கிறார்கள்.

#3 – பழைய_பெட்டி

குமார் சொல்வதை அப்படியே வரைந்துவிடாதீர்கள். தேடும்போது வருகிற அந்த இடுப்பளவு ஜாக்கெட் அமெரிக்க ஏ-2. அதை அங்கீகரித்ததே 1931-இல். உள்ளே அடர்த்தியான செம்மறி உரோமம் வைத்த பிரிட்டிஷ் ஜாக்கெட் இர்வின். அதுவும் 1930-களில் வந்ததுதான். லெஸ்லி இர்வின் அடிப்படையில் பாராசூட் ஆள். 1919 ஏப்ரலில் அமெரிக்காவில் விமானத்திலிருந்து குதித்து, காற்றில் விழுந்துகொண்டே தன் கையால் கயிற்றை இழுத்து பாராசூட்டைத் திறந்து காட்டியவர். கணுக்கால் உடைந்தது, ஆனால் ஆள் பிழைத்தார். பிறகு இங்கிலாந்தில் லெட்ச்வொர்த்தில் தொழிற்சாலை போட்டு பாராசூட்டோடு ஜாக்கெட்டும் தைத்தார்.

1918-க்கு இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, முழங்காலுக்குக் கீழே வரை வரும் நீளத் தோல் கோட்டு. இரட்டை மார்பு, பெரிய பொத்தான்கள். மார்பில் சாய்வாக ஒரு வரைபடப் பை இருக்கும். அதை விடாமல் வரையுங்கள், அந்தக் கோட்டை அடையாளம் காட்டுவதே அந்தப் பைதான்.

இரண்டு, சிட்காட் ஓவரால். கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே உடை, குறுக்காக மூடும் முன்பக்கம். 1917 கடைசியிலிருந்து இது பரவலாகிவிட்டது.

எதில் வரைந்தாலும் ஜிப் மட்டும் வேண்டாம்.

#4 – தாம்பரத்தார்

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். விமானப்படையில் ஏர்ஃபிரேம் (விமானத்தின் உடற்பகுதி) பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

உயரே போகப் போக 1,000 மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். பிரான்சில் ஜூலை மதியம் தரையில் 25 டிகிரி என்று வைத்துக்கொண்டாலும் 15,000 அடியில் கிட்டத்தட்ட மைனஸ் 5. விடியற்காலை ரோந்து என்றால் அதையும் விடக் குறைவு. கூடவே, எஸ்.இ.5ஏ-வுக்குக் கூரை கிடையாது. முன்னால் ஒரு சின்னக் கண்ணாடித் தடுப்பு மட்டும். மணிக்கு 200 கி.மீ. வேகக் காற்று முகத்தில். ஒன்றரை, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். நடந்தால், ஓடினால் உடம்பு சூடாகும். அவன் காலை மட்டும்தான் அசைப்பான், அதுவும் சுக்கான் மிதிக்க.

பிராணவாயுவும் கிடையாது. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. காற்று மெலிந்த இடத்தில் உடம்பு வெப்பம் உண்டாக்குவதே குறையும். மூளையும் மந்தமாகும். விரல் மரத்துப்போவது தெரியாது, தெரிந்தாலும் பெரிதாகப் படாது.

சட்டையோடு வரையாதீர்கள்.

#5 – நூலிழை

திருப்பூரில் துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இந்த இழையைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

தோல் சூடு தரும் என்று குமார் சொல்வதில் பாதிதான் சரி. குளிரிலிருந்து காப்பதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. வெளிக்காற்று உள்ளே புகாமல் தடுப்பது ஒன்று. உடம்பை ஒட்டியிருக்கும் சூடான காற்றை அசையாமல் பிடித்துவைப்பது மற்றொன்று. தோல் முதல் வேலையைப் பிரமாதமாகச் செய்யும். இரண்டாவதில் அது சுமார்தான். அசையாத காற்றை மிஞ்சிய வெப்பத் தடுப்பு துணி உலகில் அநேகமாக இல்லை. கம்பளி, உரோமம், பஞ்சு எல்லாமே காற்றைச் சின்னச் சின்ன இடுக்குகளில் அடைத்துவைக்கும் ஏற்பாடுகள்தான். காற்று உள்ளே நகர ஆரம்பித்தால் அவ்வளவு கம்பளியும் வீண்.

சிட்காட் பிறந்த கதையே இதற்கு அத்தாட்சி. சிட்னி காட்டன் என்று ஓர் ஆஸ்திரேலியர், பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவில் விமானி. 1916-17 குளிர்காலம். இஞ்சினைக் குடைந்துகொண்டிருந்தவர் அழுக்கு ஓவராலைக் கழற்றாமல் அப்படியே பறக்கப் போய்விட்டார். திரும்பி வந்தால், முறையான பறப்பு உடை போட்டுப்போன மற்றவர்கள் விறைத்துக் கிடக்கிறார்கள். இவர் மட்டும் சௌகரியமாக இருக்கிறார். அந்த ஓவராலில் மாதக்கணக்கில் எண்ணெயும் கிரீஸும் ஊறி நூலிடுக்குகளை அடைத்திருந்தன. காற்று புக வழியே இல்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போய், ராபின்சன் அண்ட் கிளீவர் கடையில் மூன்று அடுக்காக ஓர் உடை தைக்கச் சொன்னார். உள்ளே மெல்லிய உரோமம், நடுவே காற்றுப் புகாத பட்டு, வெளியே நெருக்கமாக நெய்த இலேசான பருத்தித் துணி. கழுத்திலும் மணிக்கட்டிலும் உரோமப் பட்டி. அந்தப் பட்டிதான் எனக்குப் பிடித்த இடம். உள்ளே சூடான காற்று மேலே ஏறிக் கழுத்து வழியாகத் தப்பப் பார்க்கும், அங்கே அதை மறித்துவிட்டார். பைகளை எங்கே வைத்தார் தெரியுமா? முழங்காலுக்குக் கீழே. உட்கார்ந்திருப்பவன் கை அங்கேதான் சுலபமாகப் போகும்.

#6 – ரேஸர்_குமார்

> தோல் முதல் வேலையைப் பிரமாதமாகச் செய்யும்

அதைத்தானே அக்கா நானும் சொன்னேன். உள்ளே ஒரு ஸ்வெட்டர் போட்டால் இரண்டாவது வேலையும் முடிந்தது. ரிசல்ட் ஒன்றுதான். அப்புறம் எதற்குத் தோலை மட்டம் தட்டுகிறீர்கள்?

#7 – நூலிழை

தட்டவில்லை, எடை போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஸ்வெட்டர் மேல் தோல் கோட்டு, ஒத்துக்கொள்கிறேன், வேலை செய்யும். ஆனால் நீளத் தோல் கோட்டு கனம். ஈரமானால் இன்னும் கனம், அது உறைந்தால் பலகை. கீழே திறந்திருக்கும், காற்று தொடைக்கடியில் புகுந்து மேலே வரும். ஒரே உடையாக மூடினால் அந்த வாசலே இல்லை. அதே காப்பை இலேசான துணியில் தந்தது சிட்காட். அதனால்தான் சில மாற்றங்களோடு பிரிட்டிஷ் விமானப்படையில் அடுத்த உலகப்போரையும் தாண்டி நிலைத்தது.

#8 – கிளிநொச்சியான்

வணக்கம். நான் டொரொண்டோவில இருக்கிறன். குளிர் எண்டா என்னெண்டு எங்களிட்டக் கேளுங்கோ.

ஜனவரியில விடியக் காலமை பனி தள்ளுற வாகனத்தில வேலை. புதுசா வாற பெடியள் ஒரு மொத்த ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வருவினம். இறங்கி நிண்டு கொஞ்ச நேரம் சவளால பனி வழிச்சா வேர்த்துக் கொட்டும். பிறகு வேலை நிண்டவுடன அந்த வேர்வை குளிர்ந்து பல்லு கிடுகிடுக்கும். குளிர் வெளியில இருந்து மட்டும் வாறதில்லை, உங்கட வேர்வையும் கொண்டு வரும்.

அந்த விமானியள் தரையில இவ்வளவத்தையும் உடுத்துப்போட்டு இஞ்சின் ஸ்டார்ட் ஆகுமட்டும் வெயிலில நிண்டிருப்பினமே? அப்ப வேர்த்தது மேல போய் என்ன ஆகும்?

#9 – தாம்பரத்தார்

கிளிநொச்சியார் சரியான நரம்பைத் தொட்டுவிட்டார். இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு.

1933 ஏப்ரல் 3. எவரெஸ்ட் சிகரத்தின் மேல் முதல்முறையாக விமானம் பறந்த நாள். இரண்டு வெஸ்ட்லேண்ட் இரட்டை இறக்கை விமானங்கள், லேடி ஹூஸ்டன் கொடுத்த பணம். புறப்பட்ட இடம் பீகாரில் பூர்ணியா பக்கத்தில் லால்பாலு. ஓட்டியவர்கள் கிளைட்ஸ்டேல், மெக்கின்டயர். ஏப்ரல் மாத பீகார் வெயிலில், மின்கம்பி ஓடும் கனத்த பறப்பு உடைக்குள் நுழைந்து, முகமூடி மாட்டி, பிராணவாயுக் குழாய் செருகி, இருக்கையில் உட்கார்ந்து கட்டிக்கொள்ள வேண்டும். தரையில் அடுப்பு, மேலே போனால் மைனஸ் நாற்பது. இரண்டையும் ஒரே உடை தாங்கியாக வேண்டும்.

அந்தப் பயணத்தில் மெக்கின்டயருக்குப் பின்னால் இருந்த படப்பிடிப்பாளர் பானெட் தன் பிராணவாயுக் குழாயைத் தெரியாமல் மிதித்து விரிசல் விழவைத்துவிட்டார். கைக்குட்டையை எடுத்து அதில் சுற்றிக் கட்டினார், அப்புறம் மயங்கி விழுந்தார். கீழே இறங்கியதும் தெளிந்துவிட்டது. கைக்குட்டையை எடுக்கவும் முடிச்சுப் போடவும் விரல்கள் வேலை செய்தன என்பதைக் கவனியுங்கள். விறைத்த விரலால் முடிச்சுப் போட முடியாது.

லடாக்கில் லே-யில் நான் வேலை பார்த்த குளிர்காலங்களில் ஸ்பேனரை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டால் நட்டைப் பிடிக்க முடியாது. கழற்றினால் விரல் போய்விடும். இந்த இழுபறிக்கு நடுவில்தான் எங்கள் பொழுது போகும்.

#10 – சித்திரக்குள்ளன்

அடேங்கப்பா. எல்லாருக்கும் நன்றி. சிட்காட் என்று முடிவு செய்துவிட்டேன். தாம்பரத்தார் ஐயா சொன்ன கை விஷயம் எனக்கு முக்கியம். கதையில் ஒரு முழுப் பக்கம் மேல் இறக்கையில் இருக்கும் லூயிஸ் துப்பாக்கிக்குத் தோட்டா வட்டு மாற்றுவது. கையுறை எப்படி இருக்கும்? முகத்தில் என்ன?

#11 – பழைய_பெட்டி

நல்ல பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், அங்கே உடையின் மொத்தச் சங்கடமும் தெரியும். ஃபாஸ்டர் தாங்கி என்று வளைந்த தண்டவாளம். துப்பாக்கியை அதன் வழியே பின்னால் கீழே இழுத்து, காலி வட்டைக் கழற்றி, 97 தோட்டா கொண்ட புது வட்டைப் பொருத்தி, மறுபடி மேலே தள்ள வேண்டும். விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கைத் தொடை இடுக்கில் பிடித்துக்கொண்டு, இரண்டு கையும் காற்றோட்டத்துக்குள். கனமான வட்டைக் காற்று பிடுங்கப் பார்க்கும்.

கையுறை அடுக்கு அடுக்காக இருக்கும். முதலில் மெல்லிய பட்டு, அதன் மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் முழங்கை நோக்கி அகலும் தோல் கையுறை. சிலவற்றில் விரல்களுக்கு மேல் மடித்து மூடும் ஒரு மூடாக்கு இருக்கும். விரல் தேவைப்படாதபோது நாலு விரலும் ஒன்றாகப் பொதிந்து கிடக்கும், தேவைப்படும்போது மூடாக்கைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். நீங்கள் வரையும் காட்சியில் மூடாக்கு பின்னால் மடிந்து கிடக்க வேண்டும்.

கால்: 'ஃபக் பூட்' என்று தொடை வரை வரும் பூட்ஸ். உள்ளே செம்மறி உரோமம். லேனோ ஹாக்கர் என்ற விக்டோரியா கிராஸ் விமானி யோசித்து ஹாரட்ஸ் கடையில் செய்யவைத்தது என்று பெயர். பார்க்க அசிங்கமாக, தொளதொளவென்று இருக்கும். அப்படியே வரையுங்கள், அழகுபடுத்த வேண்டாம்.

தலை: உரோமம் வைத்த தோல் தொப்பி. கண்ணாடியின் விளிம்பிலும் உரோமம். ஹர்தித் சிங் மாலிக் என்று நம் சீக்கியர் ஒருவர், 28-ஆம் ஸ்குவாட்ரனில் சாப்வித் கேமல் சண்டை விமானம் ஓட்டியவர், தலைப்பாகையை எடுக்க மறுத்து அதற்கு மேலேயே மாட்டும்படி பெரிய அளவில் தொப்பி செய்துகொண்டார். எங்காவது ஒரு கட்டத்தில் அவரையும் சேர்க்க முடிந்தால் சேருங்கள். தலைப்பாகையின் அத்தனை சுற்றுத் துணி எந்த உரோமத்துக்கும் குறைந்ததில்லை.

முகம்: திமிங்கிலக் கொழுப்பு, வாத்துக் கொழுப்பு, வாசலின், எது கிடைக்கிறதோ அது. கன்னத்தில் தடித்துப் பூசுவார்கள்.

கழுத்தில் பட்டுத் துணி. அது பந்தாவுக்கு இல்லை. பின்னால் எவன் வருகிறான் என்று நிமிடத்துக்கு நிமிடம் திரும்பிப் பார்க்க வேண்டும், காலர் உராய்ந்து கழுத்து புண்ணாகிவிடும். காற்றையும் மறிக்கும்.

#12 – ரேஸர்_குமார்

கேமல்காரர்களுக்கு அந்தத் துணியில் இன்னொரு வேலையும் உண்டு. அதன் ரோட்டரி இஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் லூப். இஞ்சினே சுற்றும், எண்ணெய் எரிந்தும் எரியாமலும் பின்னால் விசிறியடிக்கும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கணும். மூச்சில் உள்ளே போய் வயிற்றைக் கலக்கும் என்றும் சொல்வார்கள். அத்தனை அடுக்கு உடைக்குள் மாட்டிக்கொண்டு, 12,000 அடி உயரத்தில், வயிற்றுக்குள் விளக்கெண்ணெய்… மீதியை நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

#13 – நெறியாளர்

கற்பனை இத்தோடு போதும். :) தலைப்புக்குள் இருப்போம்.

#14 – நூலிழை

சிரித்து முடியவில்லை. ஆனால் அது தலைப்புக்குள்தான் இருக்கிறது நெறியாளரே. நாலு அடுக்கு உடையில் சிறுநீர் கழிப்பது அடுத்த போர் வரைக்கும் தீராத பிரச்சினை. உடை நனைந்தால் மேலே உறையும், உறைந்த இடத்தில் பனிக்கடி.

ஐயா எவரெஸ்ட் பயணத்தில் மின்சார உடை என்றாரே, அதைப் பற்றி இங்கே யாராவது விரிவாகச் சொல்லலாமே?

#15 – தாம்பரத்தார்

சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மின்சாரச் சூடு முதல் உலகப்போரிலேயே பரிசோதனையாக வந்துவிட்டது. விமானத்துக்கு வெளியே சின்ன விசிறி, அது காற்றில் சுழன்று மின்சாரம் தரும், கம்பி கையுறைக்கும் பூட்ஸுக்கும் போகும். ஆனால் அது வாழ்வா சாவா என்று ஆனது இரண்டாம் உலகப்போரில், குண்டுவீச்சு விமானங்களில்தான்.

அமெரிக்க பி-17 விமானம் 25,000 அடியில் மணிக்கணக்கில் பறந்தது. வெளியே மைனஸ் 40, சில நாள் மைனஸ் 50. இடுப்புப் பகுதியில் இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்தே இருக்கும், துப்பாக்கி வெளியே நீட்ட வேண்டுமே. அந்த ஜன்னலோரத்தில் நிற்கும் பையன்களுக்குச் செம்மறித்தோல் ஜாக்கெட்டும் கால்சட்டையும் கொடுத்தார்கள். போதவில்லை. இங்கிலாந்திலிருந்து பறந்த எட்டாவது விமானப்படையின் கனரகக் குண்டுவீச்சில் முதல் 14 மாதங்களில் குளிர்க்காயத்தால் பறக்கும் பணியிலிருந்து விலக்கப்பட்டவர்கள் 1,634 பேர். எதிரியின் தாக்குதலில் காயம்பட்டு விலக்கப்பட்டவர்கள் 1,207 பேர். ஜெர்மன்காரனை விடக் குளிர் அதிகம் பேரைச் சாய்த்தது.

மின்சார உடைக்கு வந்தால், எஃப்-1 என்று முதலில் ஒன்று. வெளிர் நீலத்தில் நீளமான உள்ளாடை போல இருக்கும், அதைச் சாதாரண உடைக்குள் போட்டு விமானத்தின் 24 வோல்ட் இணைப்பில் செருகிக்கொள்வார்கள். உடை, கையுறை, காலணி எல்லாவற்றையும் தொடரிணைப்பில் கோத்துவிட்டார்கள். கல்யாண வீட்டு சீரியல் பல்பில் ஒன்று போனால் மொத்தமும் அணையுமே, அதே கதி. இடது கையுறையில் கம்பி அறுந்தால் உடம்பு முழுக்கக் குளிர்ந்துவிடும். பின்னால் வந்த எஃப்-3-இல்தான் இணைப்பை மாற்றினார்கள்.

கம்பி ஏன் அறுந்தது? பையன்கள் உடையைச் சுருட்டி மூட்டைக்குள் திணித்தார்கள். சிலர் குளிருக்கு இதமாக அதையே போட்டுக்கொண்டு தூங்கினார்கள், வேர்வையில் ஊறியது. நீளமாகத் தொங்கவிட்டு உலர்த்த வேண்டிய பொருளை நாம் கைலி சுருட்டுவது போல நினைத்தால் அப்படித்தான். இதற்கு உடையை வடிவமைத்தவனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பட்டறையில் பாதிக் கோளாறு பராமரிப்பில்தான் பிறக்கும். உலர்த்தும் அறைகள் அமைத்து, உடைகளுக்கென்றே பொறுப்பாளர்கள் வைத்த பிறகு நிலைமை தேறியது.

பிரிட்டிஷ் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் வேறு கூத்து. சூடான காற்று வரும் வாய் வயர்லெஸ்காரர் இருக்கைக்குப் பக்கத்தில். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு வேர்த்துக்கொண்டிருப்பார். வாலில் உட்கார்ந்த துப்பாக்கிக்காரர் அதே விமானத்தில் உறைந்துகொண்டிருப்பார். வால்காரர்கள் பலர், இருட்டில் எதிரி விமானம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று முன்னால் இருந்த பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடியையே எடுத்துவிட்டார்கள். எட்டு மணி நேரம் நேரடிக் காற்று. அவருக்கு மட்டும் மஞ்சள் நிறத்தில் பருமனான ஒரு மின்சூட்டு உடை உண்டு, தண்ணீரில் விழுந்தால் மிதக்கவும் செய்யும்.

#16 – கிளிநொச்சியான்

ஒரு விமானத்துக்குள்ள ஒராளுக்கு வேர்க்குது, மற்றாளுக்கு உறையுது. இது எங்கட பஸ்சும்தான் ஐயா!

இவ்வளவு சொன்னியள், ரஷ்யக்காரரை விட்டுட்டியள். அவை குளிருக்கே பிறந்தவை. நாய்த்தோலில செய்த உரோமப் பூட்ஸ், முகத்துக்கு அகழெலித் தோலில முகமூடி. மெல்லிசு, முகத்தோட ஒட்டிக் கிடக்கும். ஐ-16 எண்ட சண்டை விமானத்தில கூரைக் கண்ணாடி நல்லாத் தெரியேல்லை எண்டு விமானியளே வேண்டாம் எண்டவை, அதால பிறகு வந்ததுகள் திறந்த காக்பிட்டோடயே பறந்தது. 1941 மாரிகாலத்திலும் அப்படித்தான். பிறகு 588-ஆம் இரவுக் குண்டுவீச்சுப் படைப்பிரிவு, முழுக்கப் பெண்கள். போ-2 எண்டு துணி போர்த்த மரச்சட்ட விமானம், அதுவும் திறந்தது. முதலில அவைக்குக் கிடைச்சது ஆம்பிளையளின்ர உடுப்பு. பூட்ஸ் பெரிசு, உள்ள துணி அடைஞ்சுதான் போட்டவை.

#17 – நூலிழை

கிளிநொச்சியார், அந்தப் பெரிய பூட்ஸில் எதிர்பாராத லாபம் ஒன்று இருந்திருக்கும். அடைத்த துணியிலும் காற்று நிற்கும். இறுக்கமான பூட்ஸ் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், விரல் முதலில் போகும். ஆனால் எட்டாத காலால் சுக்கான் மிதிப்பது வேறு துன்பம், அதையும் மறுக்க முடியாது.

#18 – ரேஸர்_குமார்

எல்லாம் சரி, ஒன்று மட்டும் சொல்லுங்க. துணிதான் உசத்தி என்றால் இர்வினும் அமெரிக்கச் செம்மறித்தோல் ஜாக்கெட் பி-3-யும் ஏன் வந்தன? 1917-இலேயே சிட்காட் என்ற விடை கிடைத்துவிட்டதே. பதினைந்து வருஷம் கழித்து மறுபடி ஆட்டுத்தோலுக்குப் போனவர்கள் முட்டாள்களா?

#19 – பழைய_பெட்டி

இந்த இழையில் இதுவரை வந்த நல்ல கேள்வி இதுதான்.

முட்டாள்கள் இல்லை. இடைப்பட்ட காலத்தில் விமானங்கள் இன்னும் உயரமாகவும் வேகமாகவும் போக ஆரம்பித்தன, பல இன்னும் திறந்த காக்பிட்டோடு இருந்தன. அதனால் காப்பு கூட வேண்டியிருந்தது. செம்மறித்தோலில் ஒரு சௌகரியம்: ஒரே பொருளில் இரண்டு வேலையும் முடியும். தோல் வெளியே காற்றை மறிக்கும், உரோமம் உள்ளே காற்றைப் பிடிக்கும், தனித்தனி அடுக்கு தைக்க வேண்டாம். நூலிழை இதை ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். ஏ-2-வை இதோடு சேர்க்காதீர்கள். அதில் மெல்லிய உள்துணிதான், உரோமமே கிடையாது. திரைப்படமும் ஃபேஷனும் தலையில் தூக்கிவைத்த ஏ-2 உண்மையில் இந்தக் கூட்டத்திலேயே குளிருக்கு மிக மோசமானது.

ஆனால் செம்மறித்தோல் எங்கே தோற்றது? பருமனில். ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தின் காக்பிட்டில் தோள் அகலத்துக்குத்தான் இடம். 1940 கோடையில் பிரிட்டன் மேல் சண்டை போட்ட பலர் இர்வினைத் தரையில் கழற்றி வைத்துவிட்டுச் சீருடைச் சட்டையும் மிதவை அங்கியுமாகப் பறந்தார்கள். மூடிய காக்பிட், முன்னால் இஞ்சின் சூடு, பறக்கும் நேரமும் குறைவு. அமெரிக்கர்கள் 1943 வாக்கில் செம்மறித்தோலிலிருந்து விலகி, அல்பாகா (தென் அமெரிக்க விலங்கு) உரோம உள்துணி வைத்த பி-10 துணி ஜாக்கெட்டுக்குப் போனார்கள். அடுத்தது பி-15, கழுத்தில் உரோமக் காலர். அந்தக் காலர் பாராசூட் வாரில் இடித்தது, எம்ஏ-1-இல் அதையும் எடுத்துவிட்டுப் பின்னல் காலர் வைத்தார்கள். இன்று மால்களில் பச்சை நிறத்தில் தொங்கும் நைலான் ஜாக்கெட்டின் மூதாதை அதுதான்.

ஆக, காட்டன் 1917-இல் போன பாதைக்கே எல்லாரும் திரும்பி வந்தார்கள். நடுவில் பட்டுக்குப் பதில் நைலான், உரோமத்துக்குப் பதில் செயற்கை நார். அப்புறம் பி-29 குண்டுவீச்சு விமானத்தில் இருந்தது போல காற்றழுத்தம் அடைத்த அறை வந்ததும் இந்தக் கவலையே பாதி ஒழிந்தது.

#20 – ரேஸர்_குமார்

செம்மறித்தோலுக்கு மரியாதை கிடைத்துவிட்டது, எனக்கு அது போதும். ஏ-2 பற்றிச் சொன்னதை ஏற்க மாட்டேன். அதுக்குள் கம்பளி போட்டால் தாங்கும்.

#21 – சித்திரக்குள்ளன்

முதல் எட்டுப் பக்கத்துக்குப் பென்சில் கோடு போட்டாயிற்று. தரையில் நிற்கும்போது சிட்காட்டின் கழுத்தைத் திறந்துவிட்டிருக்கிறார், நெற்றியில் வேர்வை (கிளிநொச்சி அண்ணனுக்கு நன்றி). மேலே போனதும் எல்லாம் மூடியிருக்கிறது.

கடைசியாக ஒரு தொழில் சந்தேகம். கறுப்பு வெள்ளைப் படம். முகத்தில் கொழுப்பு பூசியதை எப்படிக் காட்டுவது? பளபளப்பாக வெள்ளை விட்டால் வேர்வை மாதிரித் தெரிகிறது.

#22 – நூலிழை

வேர்வை துளித்துளியாக இருக்கும், கொழுப்பு பட்டையாக இருக்கும். கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, தாடை இந்த மூன்று இடத்தில் விளிம்பு மழுங்கிய வெள்ளைத் திட்டு விடுங்கள். அதன் மேல் புகைக்கரித் துகள் ஒட்டியிருக்கும், துப்பாக்கி முன்னாலேயே வெடிக்கிறதல்லவா? திட்டுக்குள் நாலைந்து கறுப்புப் புள்ளி வைத்துப் பாருங்கள். கண்ணாடியைக் கழற்றிய பிறகு கண்ணைச் சுற்றிச் சுத்தமான வளையம் தெரிய வேண்டும்.

#23 – தாம்பரத்தார்

மூக்கு நுனியையும் காது மடலையும் வெளியே தெரியவிடாதீர்கள் தம்பி. முதலில் போவது அவைதான்.

#24 – ரேஸர்_குமார்

பெட்டி அண்ணே, தலைப்புக்கு வெளியே ஒரு சின்ன உதவி. அசல் இர்வின் ஒன்று விலைக்கு வருகிறது. டிசம்பரில் ஊட்டிக்குப் பைக்கில் போட்டுக்கொண்டு போகலாம் என்று ஆசை. வாங்கலாமா?

#25 – பழைய_பெட்டி

வாங்குங்கள், போடாதீர்கள். எண்பது வருஷத் தோல், முழங்கையை மடக்கினால் பிளக்கும். போர் முற்றியபோது பெரிய தோல் கிடைக்காமல் சின்னச் சின்னத் துண்டுகளாக ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள், அவற்றில் ஒவ்வொரு தையலும் பலவீனம். வாங்கும் முன் அக்குளிலும் ஜிப் ஓரத்திலும் நூல் இற்றுவிட்டதா என்று பாருங்கள். வாங்கினால் பிளாஸ்டிக் உறையில் மூடிவைக்க வேண்டாம், நம்மூர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துவிடும். அகலமான மரத் தொங்கியில் மாட்டி, பருத்தித் துணியால் போர்த்துங்கள். பித்தளை ஜிப்பில் பச்சை பூத்தால் காய்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

ஊட்டிக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர், மேலே காற்றுப் புகாத ரெக்சின் கோட்டு. கழுத்தை மூடிக்கொள்ளுங்கள்.